நைனா கொடுத்த டப்பா

திருப்பதியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. எங்கள் ஊர் நகரியிலிருந்து தினமும் பஸ். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு. சாப்பிடும் நேரத்தில் பேசக்கூடிய வேலை இல்லை.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். பவர்லூம் ஓட்டுகிறவர். என் வேலை அவருக்கு ஆகவே ஆகாது. "ஊர்ல இருக்கறவன் எச்சியெல்லாம் எம் பொண்ணு தொட்டுக்கினு கீது" என்று அம்மாவிடம் முணுமுணுப்பார். ஆனால் வேலையை விடச் சொன்னதில்லை. நான் வீடு திரும்பும்போது குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும். அவரே போட்டு வைப்பார்.

முன்பெல்லாம் ஒவ்வொரு டப்பாவையும் கையால்தான் திறப்போம். திறந்ததுமே சளியா, வெறும் எச்சிலா என்று தெரிந்துவிடும். எச்சிலில் கிருமி அகப்படாது; அதனால் எச்சில் என்றால் வெளியே போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பவேண்டும் என்று தெலுங்கில் ஒருதரம், தமிழில் ஒருதரம் சொல்லி, வேறு டப்பா கொடுப்போம். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு பக்தியோடு வந்தவர்கள்கூட எங்களை முறைப்பார்கள். எரிச்சல் பிடித்த வேலை. அதனால் மெஷின் வந்தபோது எல்லோரையும்விட நான்தான் அதிகம் குதித்தேன். ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே தள்ளினால் போதும். மூடியைத் திறப்பது, மருந்து ஊற்றிக் கரைப்பது, வேண்டிய அளவு உறிஞ்சி எடுப்பது எல்லாம் அதன் பாடு.

"இனிமே நான் எதையும் தொட்றதில்ல நைனா, எல்லாம் மிஷினுதான்" என்று வீட்டில் சொன்னேன்.

"மிஷினுக்கு இன்னா, கையா கீது?" என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். வெந்நீர் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

பிறகு அவருக்கே இருமல் வந்தது. நூல் தூசி என்று சாதித்தார். ஆள் இளைத்துச் சட்டை தொளதொளத்தது. நச்சரித்து ஒரு காலையில் டப்பாவைக் கையில் திணித்தேன். கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்து, செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு பையும் போட்டுக் கட்டிக் கொடுத்தார். வரவேற்பில் பிரித்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள், மெஷின் எடுத்துக்கொண்டது. கிருமி இல்லை என்று வந்தது. அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

மழைக்காலம் முழுக்க இருமினார். ரத்தம் வந்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். ஒரு பக்க நுரையீரல் பெரும்பாலும் கெட்டிருந்தது. டாக்டர் மறுபடியும் சளி கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போன தரம் நல்லா இருமித் துப்புனியா நைனா?"

"வாயக் கொப்புளிச்சிட்டு, சளி கிளி இல்லாம சுத்தமாத்தாம்மா குடுத்தேன். நீ தொடப்போற பொருளாச்சே."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மெஷினைத் திட்டி என்ன பயன், கொடுத்ததைத்தான் அது பார்த்தது. பழையபடி கையால் திறந்திருந்தால் அன்றைக்கே அவரிடம் கத்தியிருப்பேன். அந்த ஒரு கத்தலை இழந்துவிட்டோமே என்றுதான் இன்றும் மனது ஆறவில்லை. இப்போது காசநோய் மருந்து கேட்கிறது, ஆனால் இனி அவர் தறிப் பக்கம் போக முடியாது.

டாக்டர் கேட்ட அந்த இரண்டாவது டப்பாவையும் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தார்.

"மிஷின்லதானே போடுவ?"

"ஆமா நைனா."

கூடத்துக்குப் போய், மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, மூடியை நானே திறந்தேன். இந்தத் தடவை எச்சில் இல்லை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது வெந்நீர் தயாராக இருந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.