தேவாலய வாசலில் விட்ட சப்பாத்து

மனைவி காலமான பிறகு, மெல்பேர்னிலிருந்து ஸ்பெயினுக்குப் போய் அங்குள்ள யாத்திரைப் பாதையில் தனியாக நடந்தேன். வழியில் ஒரு சிறு தேவாலயம் இருந்தது. கோயில் பழக்கத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதைக் காணவில்லை. அடுத்த ஊருக்குப் பத்துக் கிலோமீற்றர். பாதையில் ஒரு சனமும் இல்லை. மகளுக்குப் போன் செய்தேன்.

“சேர்ச்சுக்குள்ள போக ஆராவது சப்பாத்துக் கழட்டுவினமே அப்பா? அங்கேயே இருங்கோ.”

இரண்டு மணி நேரம் படியில் இருந்தேன். பிறகு ஒரு விவசாயி என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். யாரோ வேண்டாமென்று விட்டுப்போனதாக நினைத்தாராம். என் வெறுங்காலைக் கண்டதும் கழற்றித் தந்தார்.

இப்போது மெல்பேர்னில் கோயிலுக்குப் போனாலும் சப்பாத்தைக் காருக்குள் பூட்டிவிட்டுத்தான் நடக்கிறேன். முன்பெல்லாம் நான் கும்பிட்டு வரும்வரை மனைவி வாசலில் நிற்பாள்.