மலை இழுக்கும் தூக்குக்குண்டு

அப்பா போன பிறகு ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினேன். கொத்து வேலை செய்கிறேன். பூட்டிய வீட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கட்டி முடித்த சுவரைக்கூட, மழை பெய்தால் மறுநாள் போய்த் தொட்டுப் பார்ப்பேன். இந்தப் புத்தியைச் சொல்லி ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. ஆனால் ஒரு தடவை இதே புத்தி எங்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தியது.

என் தங்கை இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, பூமியை அளக்கிற ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றாள். ஜியோடெசி என்று பெயர். சர்வேயர் வந்து சங்கிலி போடுவாரே, அதுவா என்று கேட்டேன்.

"அது நெலத்த அளக்கிறதுண்ணா. இது பூமியவே அளக்கிறது. எந்த எடத்துல எவ்ளோ இழுக்குது, உருண்டை எங்க மேடு, எங்க பள்ளம், எல்லாம்."

மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள், இதற்கு வருகிறவர்களே குறைவு என்றாள். குறைவு என்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எதற்குக் குறைவாக இருக்க வேண்டும்?

இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போனாள். இரண்டும் கிடைக்கவில்லை. படித்ததைக் கேட்டால் மடமடவென்று சொல்கிறவள், எதிர்பாராத ஒன்றைக் கேட்டதும் வாயடைத்துப்போய் நின்றாளாம். மூன்றாவது அழைப்பு சென்னையிலிருந்து வந்தது. அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இதான் கடைசி. இதுவும் இல்லன்னா கீழ பள்ளிக்கூடத்துல டீச்சர் வேல கீது, போ. கேட்டு வந்த மாப்ள வூட்டுக்கும் சரின்னு சொல்லிடுவேன்."

தங்கை அழைப்புக் கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்போது நான் கலசப்பாக்கம் பக்கம் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்தபோது, நீ செய்யப்போவதை எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்று தங்கையிடம் கேட்டேன்.

"செவுருக்குத் தூக்குக்குண்டு வுடுறல்ல? அது நேரா கீழ தொங்குதுன்னு நெனச்சிக்கினு கீற. பக்கத்துல இவ்ளோ பெரிய மல கீதுல்ல, அது குண்ட லேசா தன் பக்கம் இழுக்கும். எவ்ளோ இழுக்குதுன்னு நம்ம மலைய சுத்தி அளக்கப் போறேன்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். மலையடிவாரத்தில் எத்தனை வீடு கட்டியிருக்கிறேன்!

"அப்போ நான் கட்ன செவுரெல்லாம் கோணலா?"

"பத்தடி செவுருக்கு ஒரு தலமுடி அகலம் வந்தா பெருசுண்ணா."

"முடி அகலம்னாலும் கோணல் கோணல்தானே?"

"இல்ல. குண்டு எப்டி தொங்குதோ அப்டியே கட்னாதான் செவுரு நிக்கும். அதான் நேரு."

"பின்ன எதுதான் கோணல்?"

கொஞ்சம் யோசித்தாள். "நாங்க கணக்குல வழவழன்னு ஒரு உருண்டை வச்சிருக்கோம். நெஜ பூமி அதுக்கு ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தத்தான் தேடிப் போறேன்."

சுவர் பிழைத்தது. கவலை பிழைத்துக்கொண்டு அவள் ஆராய்ச்சிக்குத் தாவியது. வேலைக்கு நடுவே போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மழை பிடித்தால் மெஷின் என்ன ஆகும்? அளக்க நட்ட குறியை யாராவது பிடுங்கிப் போட்டால்? எல்லாம் அளந்து முடித்த பின் மலை ஒன்றும் இழுக்கவில்லை என்று வந்தால்? "இன்னாண்ணா நீ, வாய தொறந்தா அபசகுனமா!" என்று எரிந்து விழுந்தாள். பிறகு பதில் தேட ஆரம்பித்தாள். இங்கே கலவை போட்டுக்கொண்டிருந்த சித்தாள் அக்கா, "மேஸ்திரி, பேசாம நீங்களே அந்தப் படிப்புல சேந்துடுங்க. ஒங்க தங்கச்சி வந்து செவுரு கட்டட்டும். வேலையாவது சீக்கிரம் முடியும்" என்றாள்.

ஒரு நாள் சுவரின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்தபோது புதுப் பயம் ஒன்று வந்தது.

"மல குண்ட இழுத்தா, ரசமட்டத்துல கீற தண்ணியையும் சேத்துத்தானே இழுக்கும்? ஒன் மெஷினையும் மட்டம் பாத்துத்தானே நிக்க வைப்ப? எல்லாமே சேந்து சாஞ்சா, சாஞ்சிடுச்சின்னு எத வச்சு கண்டுபுடிப்ப?"

"வை, அப்பறம் பேசறேன்" என்று துண்டித்துவிட்டாள். நன்றாக இருந்தவளை நானே குழப்பிவிட்டேன் என்று அந்த வாரம் முழுக்க வெந்துகொண்டிருந்தேன்.

மலைக்குப் போனதும் வாசலிலேயே மறித்தாள். "நட்சத்திரம்ணா! மல நட்சத்திரத்த இழுக்க முடியாதுல்ல? குண்டு காட்ற நேர் மேல எந்த நட்சத்திரம் கீதுன்னு பாக்கணும். நாம நிக்கிற எடத்த சேட்டிலைட்ட வச்சுத் தனியா கணக்குப் போடணும். ரெண்டுக்கும் கீற வித்தியாசம்தான் மலையோட இழுப்பு."

காவலூரில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிற மலையில் பிறந்துவிட்டு, இது உடனே தோன்றவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். வேலையிலிருந்து அப்படியே கிளம்பியதால் தூக்குக்குண்டு பையிலேயே கிடந்தது. பல்கலைக்கழக வாசலில் காவலாளி பைக்குள் கை விட்டு எடுத்தார். "இது இன்னாய்யா?" அந்த இடத்தில் குண்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கொத்து வேல சாமான் சார்." போகும்போது வாங்கிக்கொள் என்று தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. என் தங்கை மட்டும் போனவள் வரவே இல்லை. மறுபடியும் வாயடைத்து நிற்கிறாளோ? மயங்கி விழுந்துவிட்டாளோ? நான் எழுந்து கதவருகே போகவும் அவள் வெளியே வரவும் சரியாக இருந்தது.

"ண்ணா, நீ கேட்டதத்தான் கேட்டாங்க! மழ வந்தா இன்னா பண்ணுவ, ஒண்ணும் வரலன்னா இன்னா பண்ணுவ, எல்லாம். கடைசியா ஒரு மேடம், மட்டமே சாஞ்சா எப்டி கண்டுபுடிப்பன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துட்ச்சு."

"சிரிச்சியா? அங்கயா?"

"சிரிச்சிக்கினே போர்டுல படம் போட்டுக் காட்னேன். இவ்ளோ யோசிச்சு வச்சிருக்கியேன்னாங்க. எங்கண்ணன் எதுக்கெடுத்தாலும் பயப்படுவாரு மேடம், அவருக்கு பதில் சொல்லிச் சொல்லிப் பழக்கம்னேன்."

சாயங்காலம் அலுவலகத்து அம்மா வெளியே வந்து, எடுத்தவர்களின் பெயர்களைப் படித்தார். முதல் பெயரே அவளுடையது. நான் கத்தினேன். அங்கிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! ஒரு மேஸ்திரி வீட்டுப் பெண் பூமியை அளக்கப் போகிறாள், நன்றாகப் பார்க்கட்டும். அம்மாவுக்குப் போன் போட்டு, "கெடச்சிடுச்சும்மா!" என்றேன்.

"அய்யய்யோ, அந்த மாப்ள வூட்டுக்கு இன்னா சொல்றது?"

தங்கை போனைப் பிடுங்கினாள். "பூமிய அளந்து முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லு."

அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

போளூர் பேருந்து நிலையத்தில் இறங்கித் தோளில் பையை மாட்டியபோதுதான், எடை குறைகிறதே என்று உறைத்தது. தூக்குக்குண்டு காவலாளி மேசையிலேயே நின்றுவிட்டது. பூட்டை இழுத்துப் பார்க்கிறவன், தொழில் சாமானையே மறந்து வந்திருக்கிறேன். தங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

"திரும்பிப் போலாம்னு சொல்லுவியே இப்போ?"

"வுடு. அங்கதான போகப் போற, நீ வாங்கி வை."

இரண்டு டீ சொன்னேன். இனிப்புத் தூக்கலாகப் போடச் சொன்னேன். பாதி குடித்திருப்பேன்.

"ஆமா, ஹாஸ்டல்ல பூட்டு அவங்களே குடுப்பாங்களா, நாம வாங்கிக்கினு போகணுமா?"

"அந்த மேடம் இத மட்டும்தான் கேக்கலண்ணா" என்றாள்.