அருவிக்குப் பின்னால் ராசாத்தி

இந்த வீட்டில் சுவரில் சாய்ந்து உட்காரக் கூடாது. வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. ஜெர்மனியில் பெரியவன் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு, கீழே காலை நீட்டி, சுவரில் சாய்ந்தபடி கீரை ஆய்ந்தேன். எழுந்து பார்த்தால் வெள்ளைச் சுவரில் என் தலை அளவுக்கு வட்டமாக ஒரு கறை. நம் ஊரில் எந்த வீட்டுச் சுவரில்தான் அது இல்லை? யார் எங்கே உட்காருவார்கள் என்று கறையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் மருமகள் நித்யா பதறிப்போய் ஈரத் துணியைக் கொண்டுவந்து துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பெரிதாகிக்கொண்டே போனது. “இது சொவரு இல்ல அத்தை, பேப்பர்” என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். பேப்பர்தான். ரவையைத் தூவி ஒட்டியதுபோல் பொடிப்பொடியாக மேடு தட்டிய காகிதம். சுவரில் ஒட்டி அதற்கு மேல் வெள்ளை அடித்திருக்கிறார்கள். ரௌஃபாசர் என்று பெயராம். இங்கே பல வீடுகளில் சுவருக்கு இப்படிச் சட்டை போட்டிருக்கிறார்கள். காலி செய்யும்போது வெள்ளையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பெரியவனுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர் போட்ட நிபந்தனை. அதனால் ஆணி கிடையாது, காலண்டர் கிடையாது, சாமி படம் அலமாரிக்குள்தான். பெரியவன் என்னிடம் கோபப்படவில்லை. “விடும்மா, சாஞ்சது சாஞ்சாச்சு” என்று சொல்லி, கடையிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மரத்தை வாங்கிவந்து கறைமேல் ஒட்டினான். கிளைகள், இலைகள், நான்கைந்து குருவிகள். என் தலை இருந்த இடத்தில் ஒரு கூடு வந்துவிட்டது.

அந்த ஸ்டிக்கருக்கு இங்கே வாண்ட்டாட்டூ என்று பெயர். சுவருக்குப் பச்சை குத்துவது என்று அர்த்தமாம். எங்கள் பக்கம் பச்சை குத்தினால் கட்டையில் போகும்போதுதான் அதுவும் போகும். இங்கே முடி காயவைக்கும் மெஷினைக் கொஞ்ச நேரம் காட்டினால் உரிந்து கையோடு வந்துவிடுகிறது. பிறகு பேரன் அறையில் ரயில் வண்டி வந்தது, சமையல்கட்டில் காப்பிக் கோப்பை வந்தது. பெரியவன் எல்லாவற்றையும் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினான். அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீடு திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் அகரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பூ விவசாயம். இங்கே வர முடியாதென்று சொல்லி, சின்னவனோடு அங்கேயே இருந்துவிட்டார். அந்த வீட்டு ஹாலில் வடக்குச் சுவர் மற்ற சுவர்களைப்போல் இல்லை. வீட்டுக்காரரின் தங்கை ராசாத்தி, கல்யாணம் பேசுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டவள். அப்படிப் போன பெண் எங்கள் குடும்பங்களில் கன்னிச் சாமி ஆகிவிடுவாள். சிலையோ படமோ வைப்பதில்லை. அவள் படுத்திருந்த இடத்துக்கு மேலே, சுவரில் இரண்டு கை அகலத்துக்கு மஞ்சளைச் சதுரமாகப் பூசி, குங்குமப் பொட்டுகளை வரிசையாக வைத்தால் அதுதான் அவள். நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனபோது அவள் ஏற்கெனவே சுவரில்தான் இருந்தாள். முகம் பார்த்ததில்லை. ஆடி மாதம் கடைசி வெள்ளியில் மாமியார் பூசினார், அவருக்குப் பிறகு நான் பூசினேன். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், அவளுக்கு ஒரு புதுச் சேலை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் கல்யாணச் சேலை எடுக்கக் கடைக்குப் போவோம். தனக்குக் கிடைக்காததை அவள் முதலில் பார்த்துவிட்டால் மற்றவர்களுக்குத் தடை செய்ய மாட்டாள் என்பது கணக்கு. பெரியவன் கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தோம்.

சின்னவனுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. பெண் ஆயக்குடி. நான் கல்யாணத்துக்குப் போய்விடலாம், ஆனால் ஆடிக்குப் போக முடியாது. இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார்கள், அது கைக்கு வராமல் விமானம் ஏற முடியாது. சரி, வீட்டுக்காரரையே பூசச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வீடியோவில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பின்னால் ஒரு பெரிய அருவி விழுந்துகொண்டிருந்தது.

“எங்க இருக்கீங்க? குற்றாலமா?” என்றேன்.

“குற்றாலமா? நம்ம வீடுதான். ஒன் மகன் கூட்டியாந்து வச்சிருக்கான்” என்றார்.

வடக்குச் சுவர் முழுக்க வால்பேப்பர். பாறை, மரம், மேலிருந்து கீழ்வரை தண்ணீர். திண்டுக்கல்லில் கடை பார்த்து, ஆள் கூட்டிவந்து ஒட்டியிருக்கிறான். “ஏங்க, ராசாத்தி எங்க?” என்று கேட்டேன்.

“எங்க போவா? அருவிக்குப் பின்னாடி நிக்கிறா.”

சின்னவன் போனை வாங்கிக்கொண்டான். “பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வாராகம்மா. மஞ்சத் திட்டும் எண்ணெப் பிசுக்குமா இருந்தா என்ன நெனப்பாக? நீ மட்டும் அங்க பேப்பர் ஒட்டுன வீட்டுல இருப்ப, நாங்க இன்னும் சுண்ணாம்புச் சொவத்துல இருக்கணுமா?” என்றான். பெரியவன் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. ஒரு சதுரம் மட்டும் வெட்டிவிடேன் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை, பெற்ற பிள்ளையானாலும் அப்படித்தான். “நல்லாத்தான் இருக்குய்யா” என்று சொல்லிவிட்டேன். பார்க்கப்போனால் அருவி நன்றாகத்தான் இருந்தது.

நித்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டறிந்து பெரியவனிடம் சொல்லியிருக்கிறாள். நான்கு நாளில் ஒரு உறை வந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் சதுரமாக ஒரு ஸ்டிக்கர், அதில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக. அளவு சொல்லி அடித்து வாங்கியிருக்கிறான். “இங்கயே வச்சுக் கும்பிட்டுக்கம்மா. காலி பண்றப்ப உரிச்சுப் புது வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்” என்று ஹாலில் ஒட்டினான். வடக்கு எது என்று செல்போனில் பார்த்துத்தான் ஒட்டினான். குறை சொல்ல ஒன்றுமில்லை. சதுரம் சதுரமாக இருந்தது, பொட்டெல்லாம் ஒரே வட்டம். அதில் விரல் பட்ட தடம் இல்லை, அவ்வளவுதான். “சேலைய இங்க வச்சா ஆகாதாம்மா?” என்று கேட்டான். “அவ அந்த வீட்டுலயே பொறந்து அந்த வீட்டுலயே போனவப்பா. இங்க அவளுக்கு யாரத் தெரியும்?” என்றேன்.

கீழ்வீட்டில் ஹெல்கா என்று ஒரு அம்மா தனியாக இருக்கிறார். என் வயதுதான் இருக்கும். கேக் செய்தால் கொண்டுவந்து கொடுப்பார், நாங்கள் இருவரும் சிரித்துக்கொள்வோம். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். அவர் மஞ்சள் சதுரத்தைப் பார்த்துவிட்டு, “ஷேன், ஷேன்” என்றார். அழகு என்று அர்த்தம். பிறகு பொட்டுகளை எண்ணிப் பார்த்து, இது என்ன விளையாட்டுப் பலகையா, காய் எங்கே என்று கேட்டாராம். நித்யாதான் மொழி மாற்றிச் சொன்னாள். அது எங்கள் வீட்டுக்காரரின் தங்கை என்று சொல்லச் சொன்னேன். ஹெல்கா கிட்டே போய்ப் பார்த்தார். முகம் எங்கே என்றார். படம் எதுவும் இல்லை, செத்துப்போய்விட்டாள் என்று நித்யா சொன்னாள். எப்போது என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் தட்டுகிறார். கறுப்புச் சட்டை. கையில் ஒரு மெழுகுவத்தி, வெள்ளைப் பூ. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னவோ சொன்னார். துக்கம் விசாரிக்கிறார் என்று புரிந்தது. பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உள்ளே போய்விட்டான். நான் தலையை ஆட்டினேன். ராசாத்தியிடம் வரம் கேட்டவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு. அவள் செத்ததற்காக என்னிடம் துக்கம் கேட்டவர் எவரும் கிடையாது. சாமிக்கு யார் துக்கம் கேட்பார்கள்? அன்றைக்குத்தான் அவள் பதின்மூன்று பதினான்கு வயதில் போன ஒரு பிள்ளை என்பது எனக்குச் சரியாக உறைத்தது. மெழுகுவத்தியைப் பிளாஸ்டிக் சதுரத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ஹெல்காவுக்கு ஏலக்காய் போட்டு டீ கொடுத்தேன்.

ஊரில் அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. ஒட்டிய மறுநாளே அருவியில் ஒரு இடம் மட்டும் பூரிபோல் உப்பிக்கொண்டதாம். ஆளை வரவழைத்துப் பசை தடவி ஒட்டினார்கள். மறுபடியும் உப்பியது. இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று அந்த ஆள் போய்விட்டான். “ஒன் நாத்தனாளுல்ல, அம்புட்டு லேசுல மசிவாளா?” என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். இதில் அதிசயம் எதுவும் இல்லை. வருசக்கணக்காக மஞ்சளும் விளக்கெண்ணெயும் இறங்கிய சுண்ணாம்பு அது, அதில் எந்தப் பசை நிற்கும்? இருந்தாலும் இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கும் சிரிப்பு வந்தது. பெண் வீட்டார் வரும் நாளில் உப்பலை மறைக்கச் சின்னவன் ஒரு நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டிருக்கிறான். பெண்ணின் அம்மா நேரே வந்து அதில்தான் உட்காரப் போயிருக்கிறார். அதன் பிறகு நடந்ததை வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே குரல் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டினார்.

“ஏனுங்க மாப்பிள, இந்தச் சொவத்துல என்னமோ உப்பிட்டு நிக்குதுங்களே?”

“அது பசை புடிக்கல அத்தை” என்றானாம் சின்னவன்.

“அதுக்குள்ள என் தங்கச்சி இருக்காம்மா” என்று வீட்டுக்காரர் போட்டு உடைத்துவிட்டார்.

அந்த அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு விலகி நின்றுவிட்டாராம். “கன்னிமாருங்களா? அதென்னுங்க, சாமி மூஞ்சில காயிதத்த ஒட்டிப்போட்டு எங்களுக்குக் காப்பி குடுக்கறீங்க? என்ற புள்ள நாளைக்கு இந்த ஊட்டுக்கு வந்தா யாரைக் கும்புடும், இந்தத் தண்ணியவா?”

சின்னவன் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. யார் பார்க்கக் கூடாதென்று மறைத்தானோ அவர்கள் முதலில் கேட்டதே அதைத்தான். அவர்கள் கிளம்பிப் போனதும் பிளேடை எடுத்து அவனே வெட்டியிருக்கிறான். படம் அனுப்பினான். பாறைக்கும் மரத்துக்கும் நடுவில், தண்ணீர் விழுகிற இடத்தில், கோணல் மாணலாக ஒரு சன்னல். உள்ளே பழைய மஞ்சள்.

ஆடி கடைசி வெள்ளி. அங்கே உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது, இங்கே நான் இன்னும் காலைக் காப்பி குடிக்கவில்லை. சின்னவன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்து, மல்லிகைப்பூவை அதன்மேல் கொட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் மஞ்சளைத் தண்ணீராகக் கரைத்து வைத்திருந்தார். இப்படி இருந்தால் வழியும் என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை. நான் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, வழித்துத் தூக்கிக் காட்டினேன். “இம்புட்டுக் கெட்டியா இருக்கணும். பாத்தீங்களா, விழுகல.” அவர் இன்னும் கொஞ்சம் மஞ்சளைக் கொட்டிக்கொண்டார். வயலில் வரப்பு பூசுவதுபோல் உள்ளங்கையால் அழுத்திப் பூசினார். விளிம்பில் அருவித் தண்ணீரெல்லாம் மஞ்சளாகிவிட்டது. “யப்பா, பேப்பரு, பேப்பரு!” என்று சின்னவன் கத்தினான். “போடா, ஒங்க அத்தைக்கு அதெல்லாம் ஒரு இதா” என்றார்.

பிறகு குங்குமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரின் முன்னால் அப்படியே நின்றார். “பொட்டு நீதான வப்ப. எங்க எங்க வைக்கிறதுன்னு நான் எந்த வருசம் பாத்தேன்? நீயே வையி” என்றார்.

சின்னவன் போனைச் சுவருக்கு நேராகக் கொண்டுபோனான். என் கைபேசி முழுக்க ஈர மஞ்சள். மேல் வரிசை, இடது ஓரம், அதிலிருந்து ஒரு விரக்கடை தள்ளி அடுத்தது என்று நான் சொல்லச் சொல்ல, அவருடைய விரல் ஓரத்திலிருந்து வந்து பொட்டு வைத்துவிட்டுப் போனது. மோதிர விரல்தான், நகத்தில் மண். கடைசி வரிசை முடிந்ததும் சேலையை வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். இனிக் கல்யாணச் சேலை எடுக்கக் கடைக்குப் போகலாம். “அடுத்த மாசம் வந்துருவேல்ல?” என்று கேட்டார். “வாரேன்” என்றேன். சரியென்று வைத்துவிட்டார்கள்.

படம் போய்க் கைபேசிக் கண்ணாடி கறுப்பானது. அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் அவருக்குக் காட்ட வைத்திருந்த குங்குமத்தில் என் விரலும் போய்வந்திருக்கிறது. சொல்லிக்கொண்டே நானும் இங்கே கண்ணாடிமேல் வைத்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடியில் வரிசை வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள், அவற்றுக்குப் பின்னால் கலங்கலாக என் முகம்.

நித்யா துணியோடு வந்தாள். “குடுங்க அத்தை, தொடைச்சுத் தாரேன்.”

“செத்த நேரம் இருக்கட்டும்” என்றேன்.