பெயர் எழுதாத அச்சுகள்

பெங்களூர் விவேக் நகரில் நாங்கள் வாடகைக்கு வந்த வீட்டில் மாலை வேளைகளில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுதாத பிள்ளைகளைக் கண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். படுக்கைக் கோடு எதைக் காட்டுகிறது, நிமிர்ந்த கோடு எதைக் காட்டுகிறது என்று எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். "மிஸ் ஒரு ராட்சசி" என்று மாடிப்படியில் அவர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த மழைக்காலத்தில் உள்ளறைச் சுவரில் ஓதம் ஏறி, என் மகள் படுக்கும் கட்டிலுக்கு மேலே பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியிலிருந்து ஒரு வரைபடம் வெளியே வந்தது. நீலப் பேனாவில், ஸ்கேல் வைத்து வரைந்த இரண்டு அச்சுகள். சம இடைவெளியில் புள்ளிகள். கொஞ்சம் ஏறிய கோடு, பிறகு இறங்கிக்கொண்டே வந்து ஒரு புள்ளியோடு நின்றுவிட்டது. கீழ் அச்சு மட்டும் அதைத் தாண்டி நீளமாகப் போயிருந்தது. அச்சுகளுக்குப் பெயர் இல்லை. எனக்கு வழக்கம்போல் எரிச்சல்தான் வந்தது.

டியூஷன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பெயர் வையுங்கள் பார்க்கலாம் என்றேன். ஒருவன் மழை என்றான். ஒருத்தி கடை வியாபாரம் என்றாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கோடு நின்ற கடைசிப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு முதுகு காட்டிப் படுக்க மறுத்தாள்.

"தூங்கிட்டா யாராவது அடுத்த புள்ளி வச்சிருவாங்கம்மா."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நிமிர்ந்த அச்சுக்கு ஒரு பெயர் என் மனதில் வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்தேன்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். தலைமுறைகளாகப் பெங்களூரில் இருப்பவர்.

"ஐயோ, அது இன்னும் இருக்கா? மேல பெயின்ட் அடிச்சோமே! உங்களுக்கு முன்னாடி இருந்தவளோட பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. உங்க பொண்ணு வயசுதான். வாரா வாரம் எடை பாத்துட்டு வந்து சுவத்துல புள்ளி வைப்பா. பாப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு பேரு எழுதல. சும்னே, சும்மா கணக்குப் பாடம்னு சொல்லி வச்சிருந்தா."

"குழந்தை?"

"ஆஸ்பத்திரியிலயே போயிடுச்சும்மா. அவளும் உங்கள மாதிரிதான், திருவண்ணாமலைப் பக்கத்துலேர்ந்து வந்தவ. கன்னடம் ஒரு எழுத்து தெரியாம ஒண்டியா அலைஞ்சா, பாவம்."

அன்று மாலையே மகளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுவாரம் சுவரைச் சுரண்டிப் பட்டி பார்க்க ஆள் வந்தார். பள்ளியிலிருந்து வந்த மகள் பையைக்கூட இறக்காமல் நின்று வேடிக்கை பார்த்தாள். அச்சுகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பெயின்ட் பெயர்ந்தபோது பென்சில் எழுத்துகள் தெரிந்தன. கோணல்மாணலான குழந்தைக் கையெழுத்து. கன்னடம். எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தாய்க்கும் தெரிந்திருக்காது.

மகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"கீழ 'வார'ன்னு இருக்கும்மா. வாரம்."

பிறகு விரலை நிமிர்ந்த கோட்டுக்குக் கொண்டுபோனாள்.

"இங்க 'நானு'. அப்படின்னா, நான்."