வலதுபக்கம் எலும்பு இல்லாமல் கொல்லிமலை இறங்கியது

மார்கழியில் வந்த காய்ச்சல் எனக்கு மூளைக்கு ஏறிவிட்டது. மூளை வீங்கி, மண்டைக்குள் இடம் போதவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் மண்டையோட்டின் வலதுபக்கத்தில் ஒரு துண்டை எடுத்து வீக்கத்துக்கு வழிவிட்டார்கள். எடுத்த எலும்பு கெடாமலிருக்க என் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்தார்கள். தடவினால் தட்டுப்படும். வீக்கம் வடிந்தபின், சித்திரையில், அதைத் திரும்பத் தலையில் பொருத்தப் போன பயணம் இது.

மனைவி இல்லை. மகனுக்குத் திருப்பூரில் லீவு கிடைக்கவில்லை. மலைமேல் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டிலிருந்து தனியாகக் கிளம்பினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வலதுபக்கம் இடிபட்டால் நேராக மூளையில்தான் படும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். முன்பு என் தலைக்கட்டின்மேல் நர்ஸ் 'எலும்பு இல்லை' என்று எழுதியிருந்ததாக மகன் சொன்னான். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. அதன்பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இந்த முறை துணித் தொப்பியில் நானே அப்படி எழுதிக்கொண்டேன். 'லை' மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

செம்மேட்டில் காலை ஆறரைக்குச் சேலம் பஸ். இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஏறியவர்கள் நின்று நின்று படித்தார்கள். நான் எழுதியதை ஒரு பஸ்ஸே படிக்கிறது! படித்துவிட்டுத் தள்ளிப் போனார்கள்.

மிளகு மூட்டையோடு ஏறிய அம்மா மட்டும் கேட்டார்: "ஏனுங்க, எலும்பு எங்கீங்க போச்சு?"

"வயித்துல இருக்குதுங்க."

"முழுங்கிப்போட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அவரும் உட்காரவில்லை. "மூட்ட இடிச்சுப்போட்டா பாவமுங்க" என்று பின்னால் போய்விட்டார். "அப்புச்சி பக்கத்துல யாரும் உக்காராதீங்க" என்று கண்டக்டரும் காவல் காத்தார். வளைவுகள் முழுக்க என் பக்கத்து இடம் காலி. கீழே சமவெளி தெரிந்தபோது, பாருங்கள் என்று சொல்ல ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் "கூட யாரு?" என்றார்கள். யாருமில்லை என்று சொல்லி, நானே கையெழுத்துப் போட்டேன். எலும்பு நன்றாகப் பொருந்தியது.

என்னைப் போலப் போகிறவர்களுக்கு: எலும்பு இல்லாத பக்கம் ஜன்னலில் படாதபடி உட்காருங்கள். முன்கம்பியை விடாதீர்கள். காய்ச்சலோடு ஒருவர் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே கீழே கொண்டுபோங்கள்.

தையல் பிரித்து ஊர் திரும்பும்போது தொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு லோடுமேன் வந்து உட்கார்ந்தார். மலை ஏறத் தொடங்கியதும் தூங்கி, என் வலது தோளில் சாய்ந்தார். போகும்போது இருந்த அதே கண்டக்டர் பதறி எழுப்ப வந்தார்.

"இருக்கட்டும் சாமி, தூங்கட்டும்" என்றேன்.

செம்மேடு வரும்வரை தோளை அசைக்கவில்லை.