அரை அடி பின்னால்

போன மாதம் நாகர்கோவில் மைதானத்தில் நூறு மீட்டர் ஓட்டம். எங்கள் ஸ்டெல்லா மற்ற பெண்களையெல்லாம் முந்தினாள். ஆனால் ஓட்டம் செல்லாது என்றுவிட்டார்கள். ஏன்? அவளுக்கு முன்னால் அவள் புருஷன் வந்துவிட்டான்!

ஸ்டெல்லா கடியப்பட்டணத்துப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. தக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறாள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் நான் 'பாட்டா', அதாவது தாத்தா. இந்தப் போட்டியில் பார்வையுள்ள ஒருவர் கூடவே ஓடி வழி சொல்ல வேண்டும். 'கைடு' என்பார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு சின்னக் கயிறு சேர்த்திருக்கும். ஸ்டெல்லாவுக்குக் கைடு, புருஷன் சேவியர். பள்ளிக்கூடம் போகாத எனக்கே விதி புரிந்தது — முடிவுக் கோட்டை அவள்தான் முதலில் தாண்ட வேண்டும். கைடின் மூக்குகூட முந்தக் கூடாது.

சேவியருக்கு மூக்கு முந்தவில்லை. முழு ஆளே முந்திவிட்டான்.

"என்னடே இது?" என்று கேட்டேன்.

"பழக்கமாக்கும் பாட்டா. சர்ச்சுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அவ எனக்க தோளப் பிடிச்சிட்டு பின்னால வருவா. காலு தன்னால முந்துது."

"தோளப் பிடிக்காட்டியும் அப்படித்தான்," என்றாள் ஸ்டெல்லா. "மீன்கறிச் சட்டிக்கும் அவருதான் முந்தி."

நானும் லேசுப்பட்டவன் இல்லை. கல்யாணமான புதிதில் மனைவியோடு சந்தைக்கு நடந்தேன். நான் முன்னால், அவள் பின்னால். வழி நெடுகப் பேசிக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால்... ஆளைக் காணோம்! பாதி வழியில் கொய்யாக்காய் வாங்க நின்றுவிட்டாளாம். அவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசினேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்க இன்னொரு தேர்வு பாக்கி இருந்தது. அதுதான் கடைசி.

"இதுவும் போச்சுன்னா ஷூவக் கழட்டி வச்சிருவேன்," என்றாள் ஸ்டெல்லா. "இன்னையிலேர்ந்து எங்க போனாலும் நான் முன்னால. நீரு அரை அடி பின்னால."

அப்படியே நடந்தார்கள். கையில் கயிறு. பின்னாலிருந்து சேவியர், "வலது... படி... ஆட்டோ!" என்று சொல்லிக்கொண்டே வருவான். டீக்கடையில் ஒருத்தன் விடுவானா?

"லே மக்கா, ஆட்டக் கெட்டிக் கூட்டிட்டுப் போற மாதிரில்லா போறா!"

"கெட்டி நாலு வருசம் ஆச்சு. ஒனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள் ஸ்டெல்லா.

போன சனிக்கிழமை தேர்வு. நானும் போனேன். ஓடினார்கள் பாருங்கள்... கடைசியில் சேவியரின் கால் பழையபடி முந்தப் பார்த்தது.

"பின்னால!" என்று ஒரு சத்தம் போட்டாள் ஸ்டெல்லா.

அவன் நெஞ்சை உள்ளே இழுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, காற்றடித்த தென்னை மாதிரி வளைந்தபடி கோட்டைத் தாண்டினான். தாண்டியதும் மல்லாக்க விழுந்தான்.

நான் மூச்சு வாங்க ஓடினேன்.

"பாட்டா, யாரு முந்தி?"

"நீதான் மக்களே!"

"அவரு எங்க?"

"தரையில கெடக்கான்."

"அப்ப செரி."

வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு, செல்லும் என்றார்கள். தேசியப் போட்டிக்குப் போகிறாள் ஸ்டெல்லா! ஆண்பிள்ளை வேகமாக ஓடிவிடுவான். அரை அடி பின்னால் ஓடுவதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

மறுநாள் சந்தைக்குக் கிளம்பும்போது மனைவியிடம், "நீ முன்னால போ," என்றேன்.

நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்? அங்க நாய் கெடக்கா?"