சித்திக்கு நான் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு

ஒன்பது வயதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஆங்கில அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில், உச்சரிப்புக்காகப் போட்டிருக்கும் குறியீடுகளை வகுப்பிலேயே நான்தான் தப்பில்லாமல் வாசிப்பேன். ə என்றால் வாயைச் சும்மா திறந்தால் போதும். ʃ என்றால் பிள்ளையை அடக்கும் ‘ஷ்’. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இதை யாரும் மதிக்கவில்லை, சித்திக்குப் பிரெஞ்சு தேவைப்படும்வரை.

சித்தி அம்மாவின் தங்கை. சுங்காய் ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிய பிறகு எங்களோடு வந்துவிட்டாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நானும் அவளும் ஒரே பாயில்தான் படுப்போம். அந்தச் சமயத்தில்தான், பாரிஸில் குடியேறிய ஒரு பாண்டிச்சேரிக் குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வீடியோவில் பெண்ணைப் பார்ப்பார், நாலு வார்த்தை பிரெஞ்சு பேசினால் மனம் குளிர்ந்துபோவார் என்றார்கள். அப்பா ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் பிரெஞ்சு அகராதி வாங்கிவந்தார். பிரித்துப் பார்த்தால், உள்ளே என் குறியீடுகள். அன்றிலிருந்து வாத்தியார் நான்தான்.

சித்தி எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கப் பார்த்தாள். தோட்டப் பள்ளியில் மலாய் மொழியையும் அப்படித்தான் மனப்பாடம் செய்தாளாம். நான் விடவில்லை. அவள் சொல்லவேண்டிய வாக்கியத்துக்கு, உங்கள் வீட்டுக்கு வர ஆவலாக இருக்கிறேன் என்று அர்த்தம். அது ʒ என்ற ஒலியில் தொடங்கும். வால் முளைத்த மூன்று மாதிரி இருக்கும் அந்தக் குறியீடு. தமிழில் எழுதினால் ‘ஜ’ என்றுதான் எழுதவேண்டும், சொன்னாலும் ‘ஜ’ என்றே வரும்.

“ஜ இல்லைலா சித்தி. நாக்கு மேல ஒட்டக்கூடாது. உதட்டைக் குவிச்சு காத்தை மட்டும் விடுங்க.”

வேலைக் களைப்போடு சித்தி உதட்டைக் குவிப்பாள். ஆங்கிலத்தில் ‘டெலிவிஷன்’ என்பதன் நடுவிலும் அதே ஒலிதான் என்று நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சமைத்துக்கொண்டே அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல, அப்பா எழுந்துபோய் டிவியைப் போட்டார். கரண்டியும் கையுமாக சித்தி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

வீடியோவில் வந்த அந்த அம்மாள் பேசியதெல்லாம் தமிழ்தான். சோறு வடிக்கத் தெரியுமா, மீன் குழம்பு வைப்பாயா என்று விசாரித்தார். படித்ததெல்லாம் வீணாகிவிடுமே என்று எனக்குப் பதற்றம். நல்லவேளை, அவள் பிரெஞ்சும் படிக்கிறாள் என்று அம்மா எடுத்துக்கொடுத்தாள். அந்த அம்மாள் ஆசையாகக் காத்திருந்தார். சித்தி வாயே திறக்கவில்லை. அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று, போனுக்குப் பின்னால் நின்ற நான் உதட்டைக் குவித்துக் காட்டினேன். சித்தி திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். பிறகு முழு வாக்கியத்தையும் சொன்னாள், ஒரு பிசிறு இல்லாமல். அங்கே கைதட்டினார்கள். கல்யாணத்துக்கு அப்போதே மாதம் பேசி முடித்தார்கள்.

இப்போது சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் வருகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் பிள்ளைகளுக்கு ʒ தண்ணீர் பட்ட பாடு. மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனாலும் பேசி முடித்துப் போனைக் கீழே வைத்ததும், அவள் மடியில் ஒரு நிமிஷம் தலைவைத்துப் படுக்கமாட்டோமா என்று இந்த வயதிலும் ஏக்கமாக இருக்கிறது.

வீடியோவில் பெண் பார்த்த அன்று அந்த மடி எனக்குக் கிடைக்கத்தான் செய்தது. அம்மா கேசரி கிண்டப் போனதும் சித்தி என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். பாராட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“நீ தப்பாவே சொல்லிக் கொடுத்திருக்கலாம்லா,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஒன்றும் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறவள் இல்லை என்று முறைத்துவிட்டு, அவள் கையை விலக்கிக்கொண்டு கேசரி தின்னப் போய்விட்டேன்.